வாணிகத் துப்பாளரைத் தேர்தல்

வாணிகம் செய்வார்க்குச் சரக்கு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது செய்தி. சந்தைக்கு வருமுன் சந்தையின் நிலையை அறிந்தவன் ஆதாயம் பெறுகின்றான்; அறியாதவன் அவ்வாதாயத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகின்றான். இது பண்டுதொட்டு யாவரும் அறிந்ததொன்று. ஆயினும், பிறர் வாணிகத்தின் நிலையை ஆராய்ந்து கூறுவதையே தனித் தொழிலாகக் கொண்ட நிலையங்கள் பெருகியிருப்பது அண்மைக் காலத்துப் புதுமையாகும். போட்டியாளர் என்ன விலைக்கு விற்கின்றனர், எவ்வூரிற் புதுக் கிளை அமைக்கின்றனர், எத்தகைய ஆட்களை வேலைக்கு எடுக்கின்றனர், எச்சரக்கைக் கைவிட எண்ணுகின்றனர் என்பனவற்றைத் திரட்டி, அவற்றினின்று இனி நிகழக்கூடுவதை உய்த்துணர்ந்து, கட்டணம் பெற்றுக் கூறுவது அவர்தம் தொழில். ஆங்கிலத்தில் இதனைக் காம்பெட்டிட்டிவ் இன்டெலிஜென்ஸ் என்பர். இக்கட்டுரையில் யாம் இதனை வாணிகத் துப்பு என்றும், இத்தொழில் செய்வாரைத் துப்பாளர் என்றும் வழங்குவோம். இத்தொழிலோர்க்கென ஒரு சங்கம் 1986-இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது என்றால், இத்தொழிலின் வளர்ச்சியை அன்பர்கள் உய்த்துணரலாம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நகைப்பாரும் உளராவர். அவர்க்கு யாம் கூறும் விடை இரண்டு. எம் கலாசாலையிற் பயின்று வெளியேறுவோருட் பலர் கடலூர் முதல் சிதம்பரம் வரையுள்ள கடைகளிலும், ஆலைகளிலும், பண்டகசாலைகளிலும் அமர்வோரேயாவர். துப்பாளரைத் தேரும் பொறுப்பு அவருள் ஒருவர் மேசைக்கு ஒருநாள் வந்தே தீரும். அன்றியும், துப்பாளர் செய்தி திரட்டுவதற்கு அனுப்பும் ஆட்களுள் மாணவரும் உளர் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் விளக்குவோம். இவ்விரண்டும் எம்மைத் தொடுவன. ஆகவே இப்பொருள்பற்றி ஒரு முடிவுக்கு வருதல் எமக்குக் கடனாகின்றது.

யாம் கொண்ட முடிவை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். துப்பாளரைத் தேர்வார் முதலில் நோக்க வேண்டுவது அவர் கொணரும் செய்தியின் மிகுதியன்று. அச்செய்தி வந்த வழியே. "நீர் அறிந்தது யாது?" என்று வினவுமுன் "நீர் எவ்வாறு அறிந்தீர்?" என்று வினவுதல் வேண்டும். இவ்வினாவுக்கு நேரிய விடை கூற மாட்டாதவரை, அவர் எத்துணை வல்லவராயினும், எத்துணைக் குறைந்த கட்டணம் கேட்பவராயினும், விலக்குதலே தக்கது. இஃது அறத்தின்பாற்பட்ட விதி மட்டுமன்று, ஆதாயத்தின்பாற்பட்ட விதியுமாம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை; கடலூர்க் கடற்கரைக்குச் சென்றால் போதும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனியார் 1690-இல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியார் இருந்தனர். இரு கம்பெனியாரும் வாணிகரே. வாங்கியதும் விற்றதும் பெரும்பாலும் ஒரே வகைச் சரக்கு. நெய்தவரும் ஒரே நாட்டு நெசவாளர். எனவே ஒருவர் நிலையை மற்றவர் அறிந்துகொள்ளுதல் இருவர்க்கும் உயிர்நிலையாயிற்று. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபின், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்க்குத் தலைமையிடமாக விளங்கியது கடலூர்க் கோட்டையே. அந்நாட்களில் இவ்விரண்டு ஊர்க்குமிடையே சரக்கினும் விரைவாகச் சென்றது செய்தியே எனலாம்.

அக்காலத்துச் செய்தித் தொழில் எத்தன்மைத்து என்பதை அறிய விழைவார் ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பைப் பார்த்தல் வேண்டும். 1736-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தமிழில் எழுதப்பெற்ற அந்நாட்குறிப்பில் கப்பல்களின் வரவும் போக்கும், சரக்குகளின் நிலையும், சென்னையிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த செய்திகளும் நிறைந்துள்ளன. பிள்ளையவர்கள் துய்ப்ளே துரைக்குத் துபாஷியாயிருந்தவர். அதே சமயம் தமக்கெனச் சொந்த வாணிகமும் கப்பலும் வைத்திருந்தவர். செய்தியறிவதில் அவர்க்கிருந்த ஆற்றல் பெரிது. ஆயினும், அவரைப் போன்ற ஒருவரிடம் செய்தி பெறும் தலைவன் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். செய்தி கூறுவார்க்கும் ஒரு வாணிகம் உண்டு. அவ்வாணிகத்திற்கு நன்மை பயக்கும் செய்தி சற்று முன்னதாகவும், பயவாத செய்தி சற்றுப் பின்னதாகவும் வரக்கூடும். துபாஷி முறையிலேயே அமைந்த இடர்ப்பாடு இது. யாம் இதனை ஒருவர்மேல் வைக்கும் பழியாகக் கூறவில்லை. இன்றைய துப்பு நிலையங்களுக்கும் இஃது அப்படியே பொருந்தும். ஒரே நிலையம் ஒரே தொழிலில் உள்ள இருவர்க்கு ஏவல் செய்யுமாயின், உமக்குக் கொணர்ந்த செய்தி பிறனுடைய மறையாகவும், பிறனுக்குச் செல்லும் செய்தி உம்முடைய மறையாகவும் முடியும். "எம்மையன்றி இத்தொழிலில் வேறு யார்க்கு ஏவல் செய்கின்றீர்?" என்பது ஆகவே இரண்டாம் வினாவாகும்.

அதே கடலூரில் 1748-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்ததொன்று இதனினும் சிறந்த பாடமாகும். பிரெஞ்சுப் படை கடலூரைத் தாக்க வருகின்றதென அறிந்த மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ், நகரைக் காக்க முடியாதென்று தாம் கருதுவதாகப் பலரறியக் கூறி, பகலிலேயே அங்கிருந்த படையையும் பீரங்கிகளையும் கோட்டைக்குக் கொண்டுசெல்லப் பணித்தார். இதனைக் கண்ணாற் கண்டோர் மூலம் செய்தி பிரெஞ்சுக்காரர் செவிக்கு எட்டிற்று. இருள் சூழ்ந்ததும், முன்னினும் மிகுந்த படையோடு பீரங்கிகள் நகருக்குத் திரும்பின. காவலற்ற ஊரென எண்ணி நள்ளிரவில் வந்த பிரெஞ்சுப் படை சரமாரியான குண்டுகளால் வரவேற்கப்பட்டுச் சிதறிப் புதுச்சேரிக்கு மீண்டது. செய்தி கூறியோர் பொய் கூறினாரல்லர். அவர் கண்டது உண்மையே. ஆனால் அது காட்டுவதற்கென்றே காட்டப்பட்ட உண்மை. அன்றியும் பொழுது சாய்ந்தவுடன் பழையதாகிவிட்ட உண்மை. துப்பாளரிடம் கேட்க வேண்டிய மூன்றாம் வினா இதனாற் கிடைக்கின்றது: "இஃது எப்பொழுது கண்டது? இதனை நாம் அறியவேண்டுமென்று போட்டியாளரே விரும்பியிருத்தல் கூடுமோ?"

இனி, இக்காலத்து வாணிகத்திற்கு வருவோம். கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியைச் சூழ்ந்த செம்மண் நிலம் முந்திரிக்குப் பெயர்பெற்றது. அங்கே முந்திரிக்கொட்டை வாங்கி உடைத்துப் பருப்பாக்கி விற்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் போட்டியாளர் பக்கத்துத் தெருவினர் மட்டுமல்லர். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை வந்திறங்குகின்றது. உலகிற் பருப்பை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் வியட்நாம் விலையை அசைக்கின்றது. 80 கிலோ மூட்டை ஒன்றுக்கு எத்தனை இராத்தல் பருப்புத் தேறும் என்பதைக் கொண்டே கொட்டையின் மதிப்புக் கணிக்கப்படுகின்றது. ஓர் இராத்தலுக்கு 300 முதல் 320 வரை முழுப் பருப்பு நிற்கும் தரம் ஒரு விலை. அதனினும் பெரும் பருப்பு வேறு விலை. இவற்றோடு இயற்கையும் விளையாடுகின்றது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பல ஆண்டுகள் வளர்த்த முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் ஒரு காலைப்பொழுதில் வீழ்த்திற்று. அத்தகைய ஆண்டில், எத்தனை தோப்பு எஞ்சியது, எவர் எவ்விடமிருந்து கொட்டை வருவிக்கின்றார் என்று அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் உள்ள வேறுபாடு, தொழிலை நடத்துவதற்கும் மூடுவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

இத்தகையோர் துப்பாளரை நாடுவது தவறன்று. ஆனால் நாடுமுன் செய்ய வேண்டுவதொன்று உண்டு. தமக்கு வேண்டிய செய்தி யாது என்பதையும், அச்செய்தி கிடைத்தபின் தாம் செய்யப்போவது யாது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். "என் போட்டியாளரைப் பற்றி எல்லாம் கூறுக" என்பது வினாவன்று. "வரும் பருவத்திற்கு யான் இப்பொழுதே கொட்டை வாங்கி வைப்பதா, இரண்டு திங்கள் பொறுப்பதா?" என்பதே வினா. வினாவைத் தெளிவாக்கும் முயற்சியிலேயே பாதிச் செய்தி கட்டணமின்றிக் கிடைத்துவிடுதலும் உண்டு. வெளிப்படையாகக் கிடைக்கும் செய்தி நாம் எண்ணுவதினும் மிகுதியன்றோ? பதிவுபெற்ற கம்பெனிகளின் ஆண்டுக் கணக்குகளைக் கம்பெனிப் பதிவாளரிடம் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். தனி ஒருவர் பெயரிலும் கூட்டாளிகள் பெயரிலும் நடக்கும் கடைகளுக்கே இது பொருந்தாது. காப்புரிமை விண்ணப்பங்கள் வாரந்தோறும் வெளிவரும் அரசிதழில் அச்சாகின்றன. ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைத் தொகுத்து வெளியிடக் கொல்கத்தாவில் அரசினரின் தலைமை இயக்ககம் ஒன்று உள்ளது. அதன் பெயரிலேயே வாணிகத் துப்பு என்னும் பொருள்படும் சொல் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. இவற்றையெல்லாம் அழகிய அட்டையிற் கட்டிப் பெருவிலைக்கு விற்கும் துப்பாளரும் உளர். திரட்டியதற்குக் கூலி கொடுக்கலாம். மறையைக் கண்டுபிடித்ததற்கென விலை கொடுத்தல் ஆகாது.

நிற்க. துப்பாளரின் வழி நேரியதாயிருத்தல் வேண்டுமென்னும் எம் கூற்றுக்குத் திருக்குறளையே தடையாகக் காட்டுவார் உளர். திருவள்ளுவர் ஒற்றாடல் என ஓரதிகாரமே வகுத்துள்ளார். அது 59-ஆம் அதிகாரம். அதில் ஒற்றன் துறவி வேடம் பூண்டும் செல்வான். பிடிபட்டு எத்துணைத் துன்புறினும் உண்மையை வெளியிடான். வேடமும் கரவும் வள்ளுவர்க்கே உடன்பாடாயின், வாணிகன் ஒற்றனுக்கு மட்டும் அவை ஆகாவோ என்பது அவர் வினா.

இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அவ்வதிகாரம் எவ்வியலில் நிற்கின்றது என்று நோக்குதல் வேண்டும். அஃது அரசியலில் நிற்பது. அரசனை நோக்கிக் கூறியது. குடிகளின் உயிரைக் காக்கும் பொறுப்பு அரசனுடையது. பகைவன் வாளோடு வருபவன். இருவர்க்கும் மேலாக நின்று வழக்குத் தீர்ப்பார் இலர். வாணிகன் நிலை அத்தகையதோ? அவன் போட்டியாளன் பகைவனல்லன். ஒரே சட்டத்தின்கீழ் வாழும் மற்றொரு குடி. இருவர்க்கும் மேலே நீதிமன்றம் இருக்கின்றது. வாணிகனுக்கு வள்ளுவர் கூறிய விதி வேறோரிடத்தில், நடுவு நிலைமை என்னும் 12-ஆம் அதிகாரத்தின் இறுதியில் உள்ளது. பிறர் பொருளையும் தன் பொருளைப்போலப் பேணிச் செய்வதே வாணிகர்க்கு வாணிகமாம் என்பது அதன் கருத்து. பிறர் பொருள் என்றதில், போட்டியாளன் பல்லாண்டு உழைத்துத் தேடிய தொழில் மறையும் அடங்கும் என்பது எம் துணிபு. தன் கணக்குப் புத்தகத்தைப் பிறன் திருட்டுத்தனமாகப் புரட்டுதலை எவ்வாறு வெறுப்பானோ, அவ்வாறே பிறன் புத்தகத்தைத் தன் ஏவலன் புரட்டுதலையும் வெறுத்தல் வேண்டும். அரசனுக்குக் கூறியதை எடுத்துக்கொண்டு தனக்கெனக் கூறியதை விட்டுவிடும் வாணிகன், வள்ளுவரைத் துணைக்கு அழைத்தவனாகான்.

ஒற்றாடலதிகாரத்தில் வாணிகன் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளத்தக்க பகுதியும் உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒத்துப் பார்த்தல், ஒருவனை ஒருவன் அறியாதவாறு ஆளுதல், மூவர் சொல் ஒத்தவழித் தெளிதல் ஆகியவை அவை. ஈண்டு உயிரான சொல் 'ஒருவனை ஒருவன் அறியாமை' என்பது. இதனைத் தமிழ் மாணவர் வேறொரு துறையிலும் கண்டிருப்பர். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் தலைமை ஆசிரியராய் விளங்கிய மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் பழைய நூல்களைப் பதிப்பித்த முறையை நினைத்துப் பார்க்க. பல ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, வேறுபாடுகளைக் குறித்து, அதன்பின்னரே பாடத்தைத் துணிந்தார். பத்து ஏடுகள் ஒரே பிழையைக் காட்டுமாயின், அவை பத்தும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதியனவாதல் கூடும். அப்பொழுது அவை பத்துச் சான்றல்ல, ஒரு சான்றே. இன்று துப்பாளர் தரும் அறிக்கையில் பத்திரிகைச் செய்தி, இணையச் செய்தி, செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் என மூன்று சான்று காட்டப்பெறலாம். மூன்றும் போட்டியாளர் வெளியிட்ட ஒரே விளம்பர அறிக்கையினின்று பிறந்தனவாயின், அவை மூன்றும் ஒன்றே. மூலம் யாது என்று ஏடு தேடுவோன்போலத் தேடிச் செல்லும் துப்பாளரே துப்பாளர்.

மூலம் ஒன்றாய், காட்சியும் ஒன்றாய் இருந்தும் முடிவு வேறாதலும் உண்டு. விவிலியத்தின் எண்ணாகமத்தில் கானான் நாட்டை வேவுபார்க்க மோசே அனுப்பிய பன்னிருவர் செய்தி யாவரும் அறிந்ததே. பன்னிருவரும் ஒரே நாட்டைக் கண்டனர். நிலத்தின் வளத்தையும் அரண்களின் வலிமையையும் பன்னிருவருமே கண்டனர். அச்சத்தால் பதின்மர் முடியாதென்றனர். காலேபும் யோசுவாவும் முடியுமென்றனர். கண்டது வேறு, கண்டதைக்கொண்டு கருதியது வேறு. நல்ல துப்பாளர் தம் அறிக்கையில் கண்டது, கேட்டது, கருதியது என்னும் மூன்றையும் மூன்றாகவே பிரித்து எழுதுவார். இம்மூன்றையும் ஒரே குரலிற் கூறுவார் கூற்றை நம்பிப் பெரும்பொருளைப் போடுதல் ஆகாது. தலைவன் விரும்பும் முடிவையே நாடோறும் கொணர்வாரைப் பற்றி யாம் கூற வேண்டுவதில்லை. "இஃது எமக்குக் கிட்டவில்லை" என்று ஓரிடத்திலேனும் எழுதும் துணிவு உள்ளவரே நம்பத்தக்கவர்.

தவறான வழியால் வரும் கேட்டுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் புராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனியார் அமர்த்திய துப்பாளரின் ஆட்கள், போட்டியாளராகிய யூனிலீவர் கம்பெனியின் சிகாகோ அலுவலகக் குப்பையைக் கிளறித் தாள்களை எடுத்தனர். தலைமுடிப் பொருள்கள் பற்றிய மறைகள் அவற்றில் இருந்தன. இஃது எம் விதிகளுக்கு மாறானது என்று கண்ட புராக்டர் கம்பெனித் தலைவர்கள் தாமே யூனிலீவரிடம் சென்று அதனை வெளியிட்டனர். இரு திறத்தாரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். புராக்டர் கம்பெனியார் ஏறக்குறைய ஒரு கோடி டாலர் கொடுத்தனர் எனப் பத்திரிகைகள் எழுதின. குப்பையைக் கிளறியவர் கம்பெனியின் ஊழியரல்லர், கூலிக்கு அமர்த்தப்பட்டவர். ஆயினும் பழியும் செலவும் எவரைச் சேர்ந்தன? அமர்த்தியவரையே சேர்ந்தன. ஏவியவனுக்கும் ஏவலனுக்கும் இடையே எத்தனை ஒப்பந்தத் தாள்களை அடுக்கினும் பழி அவற்றைக் கடந்து வந்துவிடும்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு முற்றும் இடங்கொடுப்பதன்று. பிறர் கணிப்பொறியில் உரிமையாளர் இசைவின்றிப் புகுதல் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. தனி மனிதரைப் பற்றிய செய்திகளைக் கையாளுதற்கு 2023-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தொழில் மறைகளைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டுமெனச் சட்ட ஆணையம் 2024-இல் பரிந்துரைத்தது. ஆனால் சட்டம் எட்டாத இடங்களும் உள. அவ்விடங்களிலேதான் துப்பாளரின் குணம் வெளிப்படுகின்றது.

"போட்டியாளர் செய்கின்றனர், யாம் செய்யாதிருந்தால் அழிவோம்" என்பது அடிக்கடி கேட்கும் மொழி. இதனை யாம் எளிதாகத் தள்ளவில்லை. சிதம்பரத்தைச் சூழ்ந்த கழிமுகங்களில் இறால் வளர்ப்போர்க்கும், கடலூர்த் துறைமுகத்தில் மீன் வாங்குவோர்க்கும் ஒரு கிலோவுக்குச் சில ரூபாய் வேறுபாடே வாழ்வும் தாழ்வுமாம். ஆயினும் திருடிக் கொணரும் துப்பாளர் உமக்கு மட்டும் திருடுவார் என்பதற்கு உறுதி யாது? பிறன் வேலையாளுக்குக் கைக்கூலி கொடுத்து விலைப்பட்டியலை வாங்கியவர், நாளை உம் வேலையாளுக்கும் கொடுப்பார். கள்வனைக் காவலுக்கு வைத்தவன் தன் பெட்டியை எங்கே வைப்பான்? இதனாலேயே முன்னர் இவ்விதி ஆதாயத்தின்பாற்பட்டதும் ஆம் என்றோம்.

"சிறு வாணிகர் இவர்க்குக் கட்டணம் கொடுக்க வல்லரோ?" என்பது மற்றொரு தடை. தனித்து வல்லரல்லராயின், சிலர் கூடி ஒரு துப்பாளரை அமர்த்தி வெளிநாட்டுச் சந்தைகளின் நிலையை அறியலாம். ஆனால் ஒன்றில் விழிப்பு வேண்டும். கூடிச் செய்தி அறிதல் வேறு. கூடி விலையை முடிவு செய்தல் வேறு. பின்னது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்திற்கு மாறானது. செய்தி அறியக் கூடிய சங்கம் விலை கட்டும் சங்கமாக மாறாதவாறு காத்தல் வேண்டும்.

ஆகவே துப்பாளரைத் தேரும் முறையை யாம் இவ்வாறு தொகுத்துரைப்போம். வினாவை எழுதிக்கொள்க. இருவர் மூவரை அழைத்து, வழி, பிற ஏவல், காலம், மூலம் ஆகியவற்றை வினவுக. முழுப் பணியையும் ஒப்புவிக்குமுன், உமக்கு முன்னரே விடை தெரிந்த சிறு வினாவொன்றைக் கொடுத்துப் பார்க்க. அவர் கொணரும் விடை மட்டுமன்றி, அவர் அதனை அடைந்த முறையும் புலப்படும். வெற்றிக்கு இத்தனை பங்கு என்று கூலி பேசற்க. மறையொன்றுக்கு இத்தனை என்று பேசின், மறையை எவ்வாறேனும் கொணரத் தூண்டியவர் நீரே ஆவீர். எவ்வழிகள் விலக்கப்பட்டன என்பதை எழுத்தில் வாங்குக. உம் மறையை அவர் எங்கே வைப்பார், எவர் பார்ப்பர் என்பதையும் கேட்க. தேர்ந்து தெளிந்தபின் நம்புக. ஆராயாது நம்புதலும், நம்பியபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் தீராத இடும்பை தருவன என்று வள்ளுவர் தெரிந்து தெளிதலிற் கூறியதற்கு இதனினும் பொருந்திய இடம் வேறில்லை.

இறுதியாக, எம் மாணவத் தோழர்க்கு ஒரு சொல். துப்பு நிலையத்தார் சிலர் மாணவரைக் கூலிக்கு அமர்த்தி, "யான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் மாணவன், உங்கள் ஆலையைப் பற்றிச் சில கேள்விகள்" என்று கூறி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் அனுப்புதல் உண்டு. மாணவன் என்றால் கதவு திறக்கும் என்பது அவர் அறிந்த உண்மை. மேலே கூறிய துப்பாளர் சங்கத்தின் ஒழுக்க விதியே, ஒருவரை வினவுமுன் தன் பெயரையும் தன்னை அனுப்பியோர் பெயரையும் வெளியிடுக என்று கூறுகின்றது. மாணவரை முகமூடியாக்குவோர் தம் தொழிலின் விதியையே மீறுகின்றனர். கூலி சில நூறு ரூபாயாயிருக்கலாம். செலவாவது அம்மாணவனுடைய பெயர் மட்டுமன்று. கடலூர்ப் பட்டறை முதலாளியும், பரங்கிப்பேட்டை மீனவரும், சிதம்பரத்து அரிசி ஆலையாரும் இன்றுவரை மாணவரை நம்பி உட்காரவைத்து, நீர் கொடுத்து, கேட்டதற்கு விடை கூறுகின்றனர். அந்நம்பிக்கை நாம் தேடியதன்று. முன்னர்ப் பயின்றோர் நேர்மையாய் நடந்து நமக்கு வைத்துச் சென்றது. ஒருமுறை ஏமாந்த முதலாளி, அடுத்த ஆண்டு மெய்யாகவே ஆராய்ச்சிக்கு வரும் மாணவிக்குக் கதவைச் சாத்துவார். அவள்மேற் பிழையில்லை, ஆயினும் வாயிலில் நிற்பவள் அவளே.

இத்தொழில் இழிந்ததன்று. நாளிதழை ஊன்றிப் படித்து, கணக்கை ஒத்துப் பார்த்து, சந்தையில் நின்று நேரே வினவி, கண்டதைக் கண்டவாறு எழுதுவது கல்வியுடையார்க்கு ஏற்ற தொழிலே. எம் தோழருட் சிலர் அதனை மேற்கொள்ளுதலையும் யாம் விரும்புகின்றோம். மேற்கொள்வோர் தம் பெயரைக் கூறிப் போகுக. அமர்த்துவோர் அவ்வாறு போகின்றவரையே அமர்த்துக. கேட்டபோது வழியை வெளிப்படையாகச் சொல்லக் கூடிய செய்தியே விலைகொடுத்து வாங்கத் தக்க செய்தியாம்.